பழைய வண்டியில் மின்சாரம் எங்கே தொலைகின்றது?

நம் நாட்டிலே பழைய மோட்டார் வண்டிகளுக்கு ஆயுள் அதிகம். இங்கிலாந்தில் 1948 ஆம் ஆண்டு தொடக்கம் 1971 ஆம் ஆண்டு வரை 16 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் வண்டிகளுள் ஒரு பகுதி கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. அவற்றுட் பல தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் கைமாறி இன்றும் வீதியில் ஓடுகின்றன. 1990 ஆம் ஆண்டின் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்திலே, யாழ்ப்பாணத்தார் இத்தகைய வண்டிகளைச் சிறிது பெற்றோல் ஊற்றித் தொடக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். பற்றரி கிடையாத அந்நாட்களிற் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட இல்லங்களும் பல. பெற்றோலுக்கு மாற்றுக் கண்டவர்களாலும் மின்பொறிக்கு மாற்றுக் காண முடியவில்லை. எரிபொருள் எதுவாயினும் அதனை எரியச் செய்வது மின்சாரமே அன்றோ?

அம்மின்சாரம் திடீரென இல்லாமற் போவதே பழைய வண்டிகளைப் பீடிக்கும் நோய்களுட் பெரியது. நள்ளிரவிற் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும் வேளையில் முன்விளக்குகள் அணைந்துபோதல் கூடும். அறியாமையாற் செய்த ஒரு திருத்தம் வண்டியையே தீக்கிரையாக்குதலும் கூடும். ஆதலின் இவ்வாரம், மொறிஸ் மைனர் 1000 என்னும் வண்டியை உதாரணமாகக் கொண்டு, மின்சாரம் தொலைந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறையை ஆராய்வோம். பௌதிகம் கற்கும் மாணவர்களுக்கும் இது பயன்படும்.

மின்சாரம் செல்லும் வழி

மைனரின் மின்சார உறுப்புகள் பேர்மிங்காம் நகரத்து லூக்கஸ் கம்பனியார் செய்தவை. 12 வோல்ற்றுப் பற்றரி, பொனற்றின் கீழ், எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தட்டில் இருக்கின்றது. அதன் ஒரு முனை வண்டியின் உடலோடு தொடுக்கப்பட்டுள்ளது. இதனையே 'ஏர்த்' என்கின்றோம். விளக்குக்குச் செல்லும் மின்சாரம் கம்பி வழியே போய், திரும்பி வருகையில் வண்டியின் இரும்புடல் வழியே வருகின்றது. எனவே உடலும் ஒரு கம்பியே என்பதை மறத்தலாகாது.

இங்கு ஒரு விசேடம் உண்டு. இக்கால வண்டிகளில் உடலோடு தொடுக்கப்படுவது எதிர் முனை. மைனர் போன்ற பழைய ஆங்கில வண்டிகளிற் பெரும்பாலும் நேர் முனையே உடலோடு தொடுக்கப்பட்டது. சில வண்டிகளைப் பிற்காலத்தில் மாற்றியமைத்துள்ளனர். ஆகவே எவ்வேலையையும் தொடங்குமுன், பற்றரியின் எம்முனையிலிருந்து தடித்த கம்பி உடலுக்குச் செல்கின்றது என்பதைக் கண்ணாற் கண்டு கொள்க. அதைப் பாராது பற்றரியை மாற்றிப் பூட்டினால் றேடியோ முதலிய உறுப்புகள் பழுதாகும்.

கம்பிகளின் நிறங்களும் ஒரு மொழியைப் பேசுகின்றன. மண்ணிறக் கம்பி பற்றரியிலிருந்து நேரே வருவது. திறப்பைக் கழற்றிய பின்னும் அதில் மின்சாரம் உண்டு. வெள்ளைக் கம்பி, திறப்பைத் திருப்பிய பின்னரே உயிர் பெறும். பச்சைக் கம்பி, திறப்புக்குப் பின் உருகியையும் கடந்து வருவது. நீலம் முன்விளக்குகளுக்கும், சிவப்பு பக்க விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும் உரியன. கறுப்பு, உடலோடு தொடுக்கப்படுவது. அறுபது ஆண்டுகள் கடந்த வண்டியில் நிறங்கள் மங்கியிருத்தலும், இடையில் ஒருவர் கைக்கு அகப்பட்ட கம்பியைச் செருகியிருத்தலும் உண்டாதலால், நிறத்தை வழிகாட்டியாகக் கொள்க, சாட்சியாகக் கொள்ளற்க.

தொடங்குமுன்

பற்றரியில் இருப்பது சல்பூரிக்கமிலம். அது மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிப்படும். ஆகவே அதன் அருகே சுருட்டும் தீக்குச்சியும் ஆகா. கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைத்தல் வேண்டும்; மோதிரம் இரு முனைகளுக்கிடையே அகப்பட்டால் நொடிப்பொழுதிற் பழுக்கக் காய்ந்து விரலைச் சுடும்.

பற்றரியைக் கழற்றும்போது உடலோடு தொடுக்கப்பட்ட முனையையே முதலிற் கழற்றுக. பூட்டும்போது அதனை இறுதியிற் பூட்டுக. காரணம் எளிது. மற்ற முனையை முதலிற் கழற்றினால், கையிலுள்ள சாவி தவறி வண்டியின் உடலிற் பட்டவுடன் பற்றரியின் முழு ஆற்றலும் அச்சாவி வழியே பாயும். உடலோடு தொடுக்கப்பட்ட முனையிற் சாவி பட்டால் யாதொரு தீங்கும் இல்லை.

விளக்கைக் கொண்டே ஒரு பரீட்சை

வண்டி தொடங்கவில்லையெனில் எல்லா உறுப்புகளையும் கழற்றத் தொடங்குவது பேதைமை. முன்விளக்குகளை ஏற்றிவிட்டு, ஸ்ராட்டரை இயக்கிப் பார்க்க. விளக்குகள் மூன்று விதமாக விடை கூறும்.

முதலாவது, விளக்குகள் பிரகாசமாகவே இருக்கின்றன, ஸ்ராட்டர் அசையவில்லை. பற்றரியில் மின்சாரம் உண்டு. அது ஸ்ராட்டருக்குச் செல்லவில்லை. ஸ்ராட்டர் ஆளியையும் அதன் தொடுப்புகளையும் ஆராய்க.

இரண்டாவது, விளக்குகள் நன்றாக மங்கி, கையை எடுத்தவுடன் மீள்கின்றன. பற்றரி வலுவிழந்திருத்தல் வேண்டும். அல்லது ஸ்ராட்டரின் சிறு பற்சில்லு எஞ்சினின் பெரிய சில்லிற் சிக்கியிருத்தல் வேண்டும். சிக்கியிருப்பின், திறப்பை மூடி, மேற்கியரிற் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் அது விடுபடும்.

மூன்றாவது, விளக்குகள் முற்றாக அணைகின்றன. பற்றரி முனையிலோ, உடலோடு சேரும் இடத்திலோ தொடுப்புக் கெட்டிருக்கின்றது. பற்றரியைக் குறை கூறிப் புதியது வாங்குவோர் பெரும்பாலும் இம்மூன்றாம் வகையிலேயே வீண்செலவு செய்கின்றனர்.

ஓமின் விதி கூறும் உண்மை

"உள்விளக்கு எரிகின்றது, ஸ்ராட்டர் மட்டும் ஏன் சுழலவில்லை?" என்று பலர் வினவுவர். ஜேர்மனியரான ஓம் என்பார் 1827 ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இதற்கு விடை தருகின்றது. தடையையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் அத்தடையில் இழக்கப்படும் வோல்ற்று அளவு வரும்.

பற்றரி முனையிற் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த உப்பினால் 0.02 ஓம் தடை உண்டாகியுள்ளது என்று வைத்துக்கொள்வோம். உள்விளக்குக்கு வேண்டியது ஏறக்குறைய அரை அம்பியர். இழப்பு 0.01 வோல்ற்று மாத்திரமே. விளக்கு வழமைபோல் எரியும். ஸ்ராட்டர் 150 அம்பியர் இழுக்கின்றது எனக் கொண்டால் இழப்பு 3 வோல்ற்று. 12 வோல்ற்றில் 9 வோல்ற்றே எஞ்சும். பற்றரிக்குள்ளும் ஒரு பங்கு இழக்கப்படுதலால் ஸ்ராட்டருக்குக் கிடைப்பது அதனினும் குறைவு. மெல்லிய ஓடையைத் தடுக்காத கல் பெருவெள்ளத்தைத் தடுப்பது போன்றது இது.

இவ்விழப்பைப் பல்மானி கொண்டு நேரே அளக்கலாம். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிடுக. எரிபற்றற் சுருளுக்குச் செல்லும் வெள்ளைக் கம்பியைக் கழற்றி, அதன் நுனி எங்கும் படாதவாறு துணியாற் சுற்றுக. பின் பல்மானியின் ஒரு முனையைப் பற்றரியின் ஈய முனையிலும், மற்றதை அதனைப் பற்றியிருக்கும் பிடியிலும் வைத்து, இன்னொருவரை ஸ்ராட்டரை இயக்கச் சொல்க. அளவு ஏறக்குறையச் சுழியமாக இருத்தல் வேண்டும். அடுத்து, உடலோடு தொடுக்கப்பட்ட ஈய முனைக்கும் எஞ்சினின் வெற்றிரும்புக்கும் இடையே அளக்க. அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால் திரும்பி வரும் பாதையிற் குற்றம் உண்டு.

எஞ்சின் இறப்பர் மெத்தைகளின் மீது அமர்ந்திருப்பதால், அதற்கும் உடலுக்கும் இடையே தனியாக ஒரு பின்னல் நாடா இணைக்கப்பட்டிருக்கும். அந்நாடா அற்றுப்போனால் மின்சாரம் சோக் கம்பி போன்ற மெல்லிய வழிகளாற் செல்ல முயலும். ஸ்ராட்டரை இயக்கும்போது சோக் கம்பி சூடாகின்றதெனில் நாடாவே குற்றவாளி.

பூத்த உப்பைக் கழுவுவதற்கு, பிடிகளைக் கழற்றி, வெந்நீரிற் கரைத்த அப்பச் சோடாவை ஊற்றுக. அக்கரைசல் பற்றரியின் வாய்களுள் ஒரு துளியும் புகாதிருத்தல் முக்கியம். பின் அரத்தாளினால் ஈயம் பளிச்சிடும் வரை தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே வசலின் பூசுக. செலவு சில ரூபாய்கள்; பயன் பல மாதங்கள்.

எட்டு இடங்களில் மூன்று சோதனை

ஸ்ராட்டர் சுழல்கின்றது, ஆனால் விளக்கும் இல்லை, ஹோணும் இல்லை, எரிபற்றலும் இல்லை என்ற நிலையும் உண்டு. மைனரில் மண்ணிறக் கம்பி ஸ்ராட்டர் ஆளியின் முனையிலிருந்தே புறப்பட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்கின்றது. அங்கே ஒரு சுரை தளர்ந்தால் வண்டி முழுவதும் இருளில் மூழ்கும். அச்சுரையை முதலிற் பார்க்க. வழியில் நின்ற எத்தனையோ வண்டிகளுக்கு வேண்டியிருந்தது அச்சுரையின் அரைச் சுற்று மாத்திரமே.

அங்கும் குற்றம் இல்லையெனிற் சோதனை விளக்கொன்று செய்துகொள்க. 12 வோல்ற்று, 5 வாற்றுக் குமிழ் ஒன்றும், இரண்டு கம்பிகளும் போதும். ஒரு கம்பியை வர்ணமற்ற இரும்பிற் கவ்வவிட்டு, மற்றதைப் பற்றரியின் உயிர் முனையிற் தொட்டு, குமிழ் நன்றாக இருப்பதை முதலில் உறுதி செய்க. பின்னர் சுற்றின் நடுவில் தொட்டுப் பார்க்க. எரிந்தாற் குற்றம் அதற்கு அப்பால், எரியாவிடின் இப்பால். எஞ்சிய பாதியையும் இவ்வாறே நடுவிற் பிரிக்க. குற்றம் இருக்கத்தக்க இடங்கள் எட்டாயின் மூன்று சோதனைகளில் விடை கிட்டும். எட்டு என்பது இரண்டின் மும்மடிப் பெருக்கம் என்று மாணவர்கள் அறிவர்.

ஓர் எச்சரிக்கை. இக்குமிழ் அரை அம்பியரிலும் குறைவாகவே இழுப்பதால், உப்புப் பூத்த தொடுப்பின் வழியேயும் அது எரியக்கூடும். குமிழ் எரிந்தும் உறுப்பு இயங்கவில்லையெனில், அவ்வுறுப்பை இயங்கவிட்டபடியே பல்மானியால் அளத்தல் வேண்டும்.

உருகிகள் இரண்டு

மைனரில் உருகிகள் இரண்டே. ஒன்று ஹோண் முதலியவற்றுக்கு உரியது. திறப்பு இன்றியும் உயிரோடிருக்கும். மற்றது திறப்புக்குப் பின் வருவது. மழைத் துடைப்பான், பிரேக் விளக்கு, திருப்ப விளக்கு, பெற்றோல் காட்டி ஆகியன அதனைச் சார்ந்தவை. இவை அனைத்தும் ஒருங்கே நின்றால் அவ்வுருகியைப் பார்க்க. முன்விளக்குகளும் எரிபற்றலும் உருகியைச் சார்ந்தவை அல்ல. ஆகவே இவற்றின் கம்பி எங்கேனும் உரிந்து இரும்பிற் பட்டால் தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. கம்பி தானே உருகித் தீப்பற்றும். தகரத் துவாரங்களைக் கடக்கும் இடங்களில் இறப்பர் வளையங்கள் கெடாதிருக்கின்றனவா என ஆண்டுக்கொருமுறையேனும் பார்ப்பது இதனாலேயே அவசியம்.

கடற்காற்று வீசும் ஊர்களில் உருகி அறாமலே சுற்று அறுவதுண்டு. கண்ணாடிக் குழாயின் இரு முனைத் தொப்பிகளிலும், அவற்றைப் பற்றும் நாக்குகளிலும் களிம்பேறுவதே காரணம். கழற்றித் தேய்த்துப் பூட்டினால் மறைந்த உயிர் மீளும்.

உருகி அறுந்தால் அதனிடத்திற் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகும் பழக்கம் ஒன்று உண்டு. இது பெருந்தீங்கு. உருகி அறுவது குற்றமன்று. குற்றத்தைக் காட்டும் அறிகுறி. அதன் வாயை அடைத்தால், பின்னர் பேசுவது நெருப்பே. இன்னொன்றும் கவனிக்க. லூக்கஸ் உருகியிற் பொறித்த 35 என்பது அது அறும் அளவு. இடைவிடாது தாங்கும் அளவு அதிற் பாதியே. இக்கால உருகிகளிற் பொறிப்பது இடைவிடாது தாங்கும் அளவு. ஆகவே 35 என்ற இலக்கத்தை மட்டும் பார்த்துப் புதுவகை உருகியை இடுவோர் இருமடங்கு மின்சாரத்துக்கு வழி திறந்து விடுகின்றனர்.

பிரேக்கை மிதிக்கப் பின்விளக்கு மங்குதல், திருப்ப விளக்கைப் போடப் பக்க விளக்கும் சேர்ந்து துடித்தல் ஆகிய விநோதங்களுக்கு உருகி காரணமன்று. விளக்குக் கூட்டின் 'ஏர்த்' கெட்டமையால், மின்சாரம் பக்கத்துக் குமிழின் வழியே வீடு திரும்ப முயல்கின்றது. விளக்குக் கூட்டின் அடியில் துருவைச் சுரண்டி இறுக்கினால் விநோதம் தீரும்.

சிவப்பு விளக்கின் எச்சரிக்கை

ஓடும்போது மின்சாரம் தருவது தைனமோ. எஞ்சின் நின்றிருக்கையில், முழுமையாக மின்னேறிய பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ற்றுக் காட்டும், 12.2 ஆயிற் பாதி. 12க்குக் கீழே சென்றால் வெறுமையை அண்மித்தது என்க. எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது அளவு 13.5க்கு மேல் உயர்தல் வேண்டும். உயரவில்லையெனில் தைனமோவோ, கராஜ்களிற் 'கட்டவுட்' எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டியோ தன் கடமையைச் செய்யவில்லை.

எது என்று அறிய, தைனமோவின் இரு கம்பிகளையும் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, இணைப்புக்கும் உடலுக்கும் இடையே பல்மானியை வைக்க. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சிறிது சிறிதாக வேகத்தை உயர்த்தினால், அளவு துள்ளாமல் ஏறி 20 வோல்ற்றை எட்டும். அவ்வளவில் நிறுத்திவிடுக, மேலும் உயர்த்தினால் தைனமோ கெடும். அளவு ஏறினாற் தைனமோ நன்று. கட்டுப்பாட்டுப் பெட்டியையோ இடைக்கம்பியையோ ஐயுறுக.

ஓடும் வேளையில் முகப்பிலுள்ள சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்திப் பொனற்றைத் திறந்து பார்த்தல் வேண்டும். மைனரில் தைனமோவைச் சுழற்றும் அதே பெல்ற்றுத்தான் விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகின்றது. பெல்ற்று அறுந்திருப்பின் மின்சாரம் மட்டுமன்றிக் குளிர்ச்சியும் நின்றுவிடும். அப்படியே ஓட்டினால் எஞ்சின் கொதித்து அழியும். பெல்ற்று இருந்து தைனமோ மட்டும் கெட்டிருப்பிற் பகலில் ஓட்டலாம். இரவிற் கணக்குப் பார்த்தே ஓட்டுதல் வேண்டும். எரிபற்றலும் எல்லா விளக்குகளும் சேர்ந்து 13 அம்பியர் இழுக்குமாயின், 40 அம்பியர்-மணிப் பற்றரி மூன்று மணித்தியாலத்துக்கே போதும். பழைய பற்றரியாயின் அதிற் பாதியை நம்புவதே விவேகம்.

இரவில் நடக்கும் களவு

மாலையில் நன்றாக இருந்த பற்றரி சில நாள் நின்றபின் வெறுமையாவதும் உண்டு. பெட்டியறையில் மறந்துபோன 5 வாற்றுக் குமிழ் ஒன்று 0.4 அம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். நான்கு நாளில் 40 அம்பியர்-மணியும் போய்விடும். இதைக் கண்டறிய, எல்லா ஆளிகளையும் மூடி, பற்றரியின் 'ஏர்த்' பிடியைக் கழற்றி, முனைக்கும் பிடிக்கும் இடையே நம் சோதனை விளக்கை வைக்க. அது ஒளிர்ந்தால் எங்கோ களவு நடக்கின்றது. உருகிகளையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றுக. எதனைக் கழற்ற விளக்கு அணைகின்றதோ அவ்வழியே களவு. நின்ற வண்டியின் தைனமோ காலையிற் சூடாக இருப்பின், கட்டவுட்டின் தொடுகைகள் ஒட்டிக்கொண்டு பற்றரியைத் தைனமோவுக்குள் வடியவிடுகின்றன என்று உணர்க. அப்பொழுது பற்றரியைத் தாமதமின்றிக் கழற்றிவிடல் வேண்டும்.

வழியில் நின்றால்

இரவில் விளக்குகள் அணைந்தால் முதற்கடமை பழுது பார்ப்பதன்று. வண்டியை வீதியோரத்துக்குத் தள்ளி, பிள்ளைகளையும் முதியோரையும் இறக்கி வீதிக்கு அப்பால் நிறுத்துக. பின்னால் வருவோர் காணும்படி டோர்ச் விளக்கொன்று தூரத்தில் எரிதல் வேண்டும். இருளில் நிற்கும் வண்டியின் மீது லொறி மோதும் விபத்தில் உருகியும் கம்பியும் எண்ணத்தக்கன அல்ல.

இன்னொரு வண்டியின் பற்றரியிலிருந்து மின்சாரம் பெறுவதாயின், நேர் முனைக்கு நேர் முனையையும், எதிர் முனைக்கு எதிர் முனையையும் தொடுக்க. புதிய வண்டியின் உடல் எதிர் முனை. நம் பழைய வண்டியின் உடல் நேர் முனை. ஆகவே தொடுத்த நிலையில் இரு வண்டிகளின் பம்பர்களும் ஒன்றையொன்று தொட்டால் பெருமின்னோட்டம் பாய்ந்து தீ மூளும். இரண்டுக்கும் இடையே ஒருவர் நடந்து செல்லத்தக்க இடைவெளி இருக்கட்டும். பூட்டியபின் அவ்விடைவெளியில் எவரும் இரு வண்டிகளையும் ஒருங்கே தொடும் உலோகப் பொருளோடு நிற்றலாகாது.

வண்டியில் எப்பொழுதும் இருக்கத்தக்கவை: சோதனை விளக்கு, சரியான அளவுடைய இரண்டு உருகிகள், ஒரு பெல்ற்று, பற்றரிச் சுரைக்குப் பொருந்தும் சாவி, அரத்தாள் துண்டு, டோர்ச். இவை ஒரு சிறு தகரப் பெட்டியுள் அடங்கும். பெட்டி இருக்கும் இடத்தையும், ஏர்த் முனை எது என்பதையும் வண்டியோட்டும் ஆண்கள் மாத்திரமன்றி, இல்லத்துப் பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் அறிந்திருத்தல் நன்று. அடுத்த விடுமுறை நாளில், எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையிற் பொனற்றைத் திறந்து, மண்ணிறக் கம்பி ஒன்றைப் பற்றரியிலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டி வரை கண்ணாற் பின்தொடர்ந்து பாருங்கள். அவ்வழியை ஒருமுறை பகலிற் கண்டவர்களுக்கு, அது இருளிலும் தெரியும்.